நிழல் ஓடி முடியட்டும்

என் தாய்மாமாவின் கொல்லுப்பட்டறைக்கு ஜன்னல் கிடையாது. நாட்டு ஓட்டுக் கூரை, குனிந்து நுழைய வேண்டிய வாசல், உள்ளே போனால் கண் பழகவே சிறிது நேரம் ஆகும். 1987 ஜூன் மாதம், பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறிப்போய் நான் அங்கே போய் நின்றபோது முதலில் மனத்தில் பட்டது அந்த இருட்டுதான். கையில் காசில்லாமல் ஜன்னல் வைக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். இரண்டாம் நாள், கூரையில் ஓடு நகர்ந்த இடத்தில் கட்டியிருந்த சாக்கை, வெளிச்சம் வரட்டும் என்று இழுத்துவிட்டேன். வெயில் தூண் மாதிரி உலைக்கு நேராக வந்து இறங்கியது.

மாமா திட்டவில்லை. உலையில் கிடந்த இரும்பைக் கொறட்டால் எடுத்து அந்த வெயிலில் காட்டினார். சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. அதையே, இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைக்குப் பின்னால் இருந்த மூலைக்குக் கொண்டுபோனார். செம்பருத்திப் பூ மாதிரி சிவந்து தெரிந்தது.

"இதில் எதை நம்பி அடிப்பாய் மாப்பிள்ளை?" என்று கேட்டார். நான் ஏறிப்போய்ச் சாக்கை மறுபடி கட்டினேன்.

வைகைக் கரையில், மானாமதுரைக்கும் திருப்பாச்சேத்திக்கும் இடைப்பட்ட சின்ன ஊர் அது. திருப்பாச்சேத்தி என்றதும் எல்லோருக்கும் அரிவாள் நினைவுக்கு வரும். கருப்பசாமிக்கும் அய்யனாருக்கும் நேர்ந்துகொண்டு ஆள் உயரத்துக்கு அரிவாள் அடித்து வாங்கிப் போவார்கள். அந்த ஊர்ப் பட்டறைகளுக்கு அப்படி ஒரு பெயர். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னாலே வெட்டுக்குத்தை மட்டும் நினைப்பது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. எங்கள் வட்டாரத்து உலைகளில் பிறந்த இரும்பில் பெரும்பங்கு நெல் அறுத்தது, கருவை வெட்டியது, பாளை சீவியது, கிணற்றுக்குப் பாறை உடைத்தது. மாமாவின் பட்டறையில் விவசாயச் சாமான்கள்தான். ஏர்க்கொழு, மண்வெட்டி, களைக்கொத்து, கடப்பாரை, கருக்கரிவாள், கல் உளி.

முதல் ஆறு மாதம் எனக்குத் துருத்தி. ஆட்டுத்தோல் துருத்தி தாத்தா காலத்தோடு போய்விட்டது. மாமாவிடம் இருந்தது கையால் சுற்றும் இரும்புச் சக்கரம். பெயர் மட்டும் பழைய பெயர். சுற்றுவது எளிது என்று யாரும் நினைப்பார்கள். காற்று கூடினால் கரி வீணாகும். குறைந்தால் இரும்பு வெந்து முடிவதற்குள் மாமா கையை நீட்டிவிடுவார். சீமைக்கருவைக் கரி வேறு படபடவென்று வெடிக்கும். கரியைக் குவித்து, சுற்றிலும் லேசாகத் தண்ணீர் தெளித்து, நெருப்பை நடுவில் ஒடுக்கி வைக்க வேண்டும். இரும்பு அந்த நெருப்பின் வயிற்றில் கிடக்க வேண்டும். காற்று வரும் வாய்க்கு நேரே கிடந்தால் மேலெல்லாம் செதில் செதிலாக உரிந்து இரும்பு தேய்ந்துபோகும். கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை உலையின் அடியில் கண்ணாடிக் கட்டி மாதிரி கிட்டம் சேரும். கிட்டம் அடைத்தால் நெருப்பின் சத்தமே மாறும். அந்தச் சத்தத்தைக் கேட்டு, மாமா சொல்வதற்கு முன்னால் நானே கம்பியை விட்டுக் கிட்டத்தை இழுத்துப் போட்ட நாளில்தான் அவர் அத்தையிடம், "இவன் நிற்பான்" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். என்னிடம் சொல்லவில்லை.

சூடு பட்டதைச் சொல்ல வேண்டும். சிவந்த இரும்பை எவனும் தொடமாட்டான். சுடுவது கறுத்துப்போன இரும்பு. அடித்து முடித்துக் கீழே போட்ட துண்டு நிறம் இழந்து சாதுவாகக் கிடக்கும். உள்ளே ஐந்நூறு டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். மூன்றாவது வாரம் அப்படி ஒரு கொழுவை எடுத்தேன். வலக்கை நான்கு விரலும் வெந்துவிட்டன. அத்தை சோற்றுக்கற்றாழையைப் பிளந்து தடவினார். அதற்குப் பிறகு, தரையில் கிடக்கும் எந்த இரும்புக்கும் மேலே புறங்கையைக் கொண்டுபோய் வெக்கை அடிக்கிறதா என்று பார்க்காமல் நான் எடுத்ததில்லை. இன்றும் கடையில் ஆணி வாங்கினால்கூட என் கை ஒரு கணம் நின்றுதான் போகிறது.

பொங்கலுக்குப் பிறகு சம்மட்டி கொடுத்தார். மாமா பட்டடைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து இடக்கையில் கொறடு, வலக்கையில் சுத்தியல் பிடித்திருப்பார். பட்டடைக் கல் என்று பெயர், ஆனால் அது வேலமரக் கட்டையில் பதித்த கனத்த இரும்புத் துண்டு. எதிரே நின்று நான் சம்மட்டி போட வேண்டும். எங்கே அடிக்க வேண்டும், எவ்வளவு பலமாக, எப்போது நிறுத்த வேண்டும் என்பதில் ஒரு வார்த்தையும் வாயால் வராது. அவருடைய சுத்தியல் சொல்லும். அது தட்டிய அதே இடத்தில் என் சம்மட்டி இறங்க வேண்டும். அது ஓங்கித் தட்டினால் நான் தோளிலிருந்து ஓங்க வேண்டும், தடவுவதுபோலத் தட்டினால் முழங்கையோடு நிறுத்த வேண்டும். அவர் சுத்தியலைப் பட்டடையின் விளிம்பில் இரண்டு முறை லேசாகத் துள்ளவிட்டால் போதும் என்று பொருள். அதற்குப் பிறகும் சம்மட்டி இறங்கி வெறும் பட்டடையில் விழுந்தால் பெரிய அபசகுனம். அவர் முகம் சுருங்கிவிடும். இரும்பு சிவப்பு இறங்குவதற்குள் இத்தனையும் நடந்தாக வேண்டும். ஒரு சூட்டுக்கு இருபது, முப்பது அடி கிடைக்கும். சிவப்பு இறங்கிய பிறகு அடிக்கும் அடி இரும்பை வளைக்காது, வெடிக்க வைக்கும்.

பலம் வேண்டும் என்று நினைத்துப் போனவன் நான். என் தோளைவிட மெலிந்த தோள் மாமாவுக்கு. ஆனால் அவருடைய சுத்தியல் விழுந்த இடத்தில் இரும்பு மாவு மாதிரி நகர்ந்தது. பலகாரம் செய்கிறவர்கள் மாவைத் தள்ளுகிற திசையிலெல்லாம் விரியவிடுவதுபோல, அவர் சுத்தியலின் சாய்வால் இரும்பை அகலமாகவோ நீளமாகவோ போகவைப்பார். அதைப் பார்த்துப் பார்த்தே என் கை கற்றுக்கொண்டது.

ஆடி மாதம் பிறந்தால் கொழு வேலை. உழவுக்கு முன்னால் ஊரில் இருந்த ஏர்க்காரர்கள் எல்லோரும் தேய்ந்த கொழுவைக் கொண்டுவந்து போடுவார்கள். காய்ச்சி, நுனியை நீட்டி அடித்துக் கொடுக்க வேண்டும். காசு கிடையாது, தை மாசியில் அறுவடைக் களத்தில் நெல்லாக வரும். மாமாவோடு சாக்கை எடுத்துக்கொண்டு நானும் களத்துமேட்டுக்குப் போயிருக்கிறேன். சிலர் தலையைத் தட்டாமல் மரக்காலைக் குவித்து அளப்பார்கள், சிலர் விரலால் வழித்துவிட்டு அளப்பார்கள். யார் எப்படி அளந்தாலும் மாமா மறு ஆடியில் அவர்களுடைய கொழுவை ஒரே மாதிரிதான் அடித்தார். எனக்குக் கோபம் வரும். அவரிடம் கேட்டும் இருக்கிறேன். "மண் பாவம்" என்றார்.

கருக்கரிவாளைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குத் தீராது. நெல் அறுக்கும் அந்த அரிவாளின் பல்லை உளி வைத்து ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். இரும்பு ஆறியிருக்க வேண்டும், தோய்ச்சல் போடுவதற்கு, அதாவது காய்ச்சித் தண்ணீரில் நனைத்து உறுதியேற்றுவதற்கு, முன்னால் வெட்டிவிட வேண்டும். உளியைச் சாய்த்துப் பிடித்து ஒரு தட்டு, ஒரு மயிரிழை நகர்த்தி மறு தட்டு. பல் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். மறுபக்கத்தைத் தீட்டத் தீட்டப் பழைய பல் தேய்ந்து, அடுத்த பல்லின் கூர் தானாக வெளியே வரும். அறுக்கிற கைக்கு ஏற்ற பக்கமாக அந்தப் பல் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் நடவுக்கும் அறுப்புக்கும் போகும் பெண்களில் ஒருவர் இடக்கைக்காரர். சந்தையில் விற்கும் அரிவாள் எதுவும் அவருக்கு ஒத்துவராது. தாள் வழுக்கி விரலில் ஏறும். மாமா அவருக்கு மட்டும் மறுபக்கத்தில் பல் வெட்டி வைப்பார். ஆண்டுக்கு ஒன்று. ஒரு முறை அவர் கேட்டுக்கொள்ள வருவதற்கு முன்பே அடித்து, பிடி போட்டு, பூண் இறுக்கி, சுவரில் தனியாகத் தொங்கவிட்டிருந்தார். நான் தெரியாமல் வேறு ஆளுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டேன். அன்றைக்குத்தான் மாமா என்னிடம் முதன்முதலாகக் குரல் உயர்த்தினார். சாயங்காலம் நானே அந்த வீட்டுக்கு நடந்துபோய் அரிவாளைத் திரும்ப வாங்கி வந்தேன்.

இரும்பு எங்கிருந்து வருகிறது என்று அப்போது நான் கேட்டதில்லை. பழைய இரும்புக் கடையிலிருந்து வந்தது, அவ்வளவுதான். 2025 ஜனவரியில், தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்ற அறிக்கையைத் தமிழக அரசு வெளியிட்டபோது என் கைப்பேசிக்கு இருபது பேர் அந்தச் செய்தியை அனுப்பினார்கள். பெருமையாகத்தான் இருந்தது. நொய்யல் கரையில் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளை அகழ்ந்து கண்டிருக்கிறார்கள் என்பதையும் படித்திருக்கிறேன். ஆனால் மண்ணிலிருந்து இரும்பைப் பிரிக்கும் வேலை மாமாவுக்குத் தெரியாது, அவர் தாத்தாவுக்கும் தெரியாது. சேலம் பக்கத்து ஊர் உலைகள்கூடக் கப்பலில் வந்த மலிவான இங்கிலாந்து இரும்புக்கு எதிரே நிற்க முடியாமல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அணைந்தன. கொல்லர்களுக்கு மிஞ்சியது அடுத்தவர்கள் உருக்கிய இரும்பைப் படிக்கும் வித்தை.

அந்த வித்தையை மாமா கரைத்துக் குடித்திருந்தார். லாரிக்கு அடியில் இருக்கும் வில்பட்டை, பட்டறையில் பட்டா என்போம், அரிவாளுக்கு ஆகும். அதில் கரிச்சத்து அரை சதவீதத்துக்குச் சற்று மேலே. கட்டடக் கம்பியில் அடித்தால் வடிவம் வரும், கூர் நிற்காது. பாறையில் துளை போடும் பழைய ஜம்பர் கம்பி கல் உளிக்கு. இதெல்லாம் எங்கே எழுதியிருந்தது? ஒரு துண்டைத் தரையில் போட்டுச் சத்தம் கேட்பார். சாணைச் சக்கரத்தில் லேசாக வைத்துப் பொறியைப் பார்ப்பார். வெறும் இரும்பு நீளமான கோடாகப் பொறி விடும். உருக்கு என்றால் அந்தக் கோட்டின் முனையில் பூ வெடிக்கும். கரிச்சத்து ஏற ஏறப் பூ அடர்த்தியாகும். பூவை வைத்து அவர் சொன்னது ஒரு நாளும் பிசகியதில்லை.

நிறங்களுக்கும் அவருடைய பெயர்களே இருந்தன. உலையில் முதலில் வருவது புளியங்கொட்டை. பிறகு செம்பருத்தி, அப்புறம் பனம்பழம், அதற்கு மேலே எலுமிச்சம்பழம். அதையும் தாண்டினால் மத்தாப்பு. இரும்பே எரிந்து பொறி சிதறும், அந்தத் துண்டை மறந்துவிட வேண்டியதுதான். நீட்டி அடிக்கப் பனம்பழம், தோய்ச்சலுக்குச் செம்பருத்தி.

தோய்ச்சலை நான் கல் உளியில்தான் கற்றேன். கல் உடைப்பவர்கள் வாரம் தவறாமல் மழுங்கிய உளிகளைக் கட்டாகக் கொண்டுவந்து போடுவார்கள். நுனியைக் காய்ச்சிக் கூராக்கி, மறுபடி சிவக்கவைத்து, ஓர் அங்குலம் மட்டும் தண்ணீரில் நனைத்து எடுக்க வேண்டும். உடனே நுனியைக் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கினால், மேலே தங்கியிருக்கும் சூடு கீழே இறங்கும்போது நிறங்கள் வரிசையாக ஓடிவரும். முதலில் பழுத்த நெல், பிறகு வெல்லம், பிறகு கத்தரிப்பூ, கடைசியில் மயில்கழுத்து. இருநூற்று முப்பதிலிருந்து முந்நூறு டிகிரிக்குள் இத்தனை நிறமும் வந்து போய்விடும். நெல்லில் நிறுத்தினால் உளி கண்ணாடி மாதிரி நொறுங்கும். மயில்கழுத்தில் நிறுத்தினால் பாறையில் பட்டதும் மடங்கும். வெல்லம் கத்தரிப்பூவாக மாறுகிற அந்த நொடியில் முழுவதையும் தண்ணீரில் விட வேண்டும். என் உளிகள் முதல் சில மாதங்கள் மடங்கியோ நொறுங்கியோ திரும்பி வந்தன. கொண்டுவந்தவர்கள் மாமாவிடம் சொல்லாமல் என்னிடம் தனியாகக் கொடுத்துத் திருத்திக்கொண்டு போனார்கள். அந்தக் கருணையை நான் மறக்கவில்லை.

1988 மார்கழியில் ஒரு காலை, மாமா ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தார். பனையேறி ஒருவர் பாளை அரிவாள் கேட்டிருந்தார். மாமா அடித்து வடிவம் எடுத்து வைத்திருந்தார், தோய்ச்சல்தான் பாக்கி. நானே முடித்துவைத்து அவரை அசத்த நினைத்தேன். உலையைக் கொழுந்துவிட எரியவிட்டேன். செம்பருத்தி தாண்டிப் பனம்பழம் வந்துவிட்டது. சூடு கூடினால் உறுதியும் கூடும் என்று மனம் சொல்லிற்று. விடிகாலைத் தொட்டித் தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருந்தது. மாமா எப்போதும் ஒரு பழைய இரும்பைக் காய்ச்சித் தொட்டிக்குள் போட்டு, தண்ணீரை வெதுவெதுப்பாக்கிவிட்டுத்தான் தோய்ப்பார். நான் நேராக இறக்கினேன்.

'ணிங்' என்று ஒரு சத்தம். மிகச் சின்னச் சத்தம். வெள்ளிக்கொலுசில் ஒரு மணி அறுந்து விழுந்ததுபோல. அரிவாளின் கூர்வாயிலிருந்து முதுகு வரை மயிரிழை போல ஒரு கோடு.

மாமா மத்தியானம் வந்தார். பார்த்தார். சுத்தியலை என் கையில் கொடுத்து, "உடை" என்றார். பட்டடை விளிம்பில் வைத்து ஒரே அடி. அரிவாள் ஓட்டுத்துண்டு மாதிரி இரண்டாயிற்று. உடைந்த முகத்தை வாசல் வெளிச்சத்தில் காட்டச் சொன்னார். உள்ளே கல்லுப்பு மாதிரி பளபளவென்று பெரிய பெரிய மணிகள். பிறகு அவர் சுவரோரம் கிடந்த தன்னுடைய பழைய உளி ஒன்றை எடுத்து அதையும் உடைத்தார். அதன் உள்முகம் சலித்த சாம்பல் மாதிரி, மணியே தெரியாமல் மென்மையாக இருந்தது.

"சூடு ஏற ஏற உள்ளே மணி பெருக்கும். மணி பெருத்தால் பிடிப்பு இருக்காது. நிறத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே. இரும்புக்குள் ஒரு நிழல் ஓடும், அதைப் பார். நிழல் ஓடி முடியட்டும். முடிந்ததும் எடு. அதற்கு மேல் ஒரு நொடியும் வைக்காதே."

அவர் என்னிடம் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். நிழல் என்று அவர் சொன்னது எனக்குப் பிடிபட இன்னும் இரண்டு மாதம் ஆனது. இரும்பு செம்பருத்தியை நெருங்கும்போது, வாய்ப்பக்கம் பளிச்சென்று இருக்க, நடுவில் மேகம் கடந்து போவதுபோல ஒரு மங்கல் தெரியும். அது மெல்லச் சுருங்கி, தடித்த முதுகுப் பக்கம் ஒதுங்கி, மறைந்துபோகும். மறைந்ததும் இரும்பு முழுவதும் ஒரே நிறம். முதன்முதலாக அதைக் கண்டபோது என் கையில் கொறடு நடுங்கியது. இருட்டுப் பட்டறை எதற்கென்று அன்றுதான் முழுவதுமாகப் புரிந்தது. அந்த நிழலைச் சின்ன வெளிச்சம்கூட அழித்துவிடும்.

கணக்கைத் திரும்ப எழுதித் தேறி, 1990-இல் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தேன். அங்கே ஒரு வகுப்பில், சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்தால் ஈர்க்கப்படும் குணத்தை இழக்கிறது என்று படித்தேன். உருக்கின் உள்ளமைப்பு மாறுகிற கட்டத்தில் அது வெப்பத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், அதனால் அந்த இடம் சற்று மங்கும் என்றும் அதையொட்டிப் படித்தேன். பெஞ்சில் இருந்து எழுந்து நின்றுவிட்டேன். மாமாவின் நிழல்!

அந்த வாரக் கடைசியிலேயே பழைய ஸ்பீக்கரிலிருந்து ஒரு காந்தத்தைப் பிடுங்கி, கம்பியில் கட்டி எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். மாமா ஒரு பட்டாத் துண்டைக் காய்ச்சினார். புளியங்கொட்டையில் காந்தம் ஒட்டியது. செம்பருத்தி தொடங்கும்போதும் லேசாக ஒட்டியது. மாமா இரும்பை மறுபடி நெருப்பில் வைத்து, தன் வழக்கப்படி நிழல் ஓடி முடிந்த இடத்தில் எடுத்தார். காந்தத்தைக் கொண்டுபோனேன். கல்லைத் தொட்டதுபோல இருந்தது, ஒட்டவே இல்லை. அவர் என் கையிலிருந்து காந்தத்தை வாங்கி அவரே வைத்துப் பார்த்தார். இரும்பு ஆறி வரும்போது திடீரென்று காந்தம் போய் ஒட்டிக்கொண்டது. குழந்தை மாதிரிச் சிரித்தார். அன்று மாலை வரை வேலை நடக்கவில்லை. கையில் அகப்பட்டதையெல்லாம் காய்ச்சிக் காந்தம் வைத்துக்கொண்டிருந்தோம். அத்தை இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டுப் போனார்.

அதன்பின் டிராக்டர் வந்தது, கொழு போயிற்று. அறுவடை இயந்திரம் வந்தது, கருக்கரிவாள் போயிற்று. நான் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். மாமா கல் உளிக்கும் மண்வெட்டிக்கும் வீட்டு அரிவாளுக்கும் உலையை மூட்டிக்கொண்டே இருந்தார்.

2011-இல் அவருக்கு வலக்கண்ணில் புரை முற்றிவிட்டது. ஆண்டுக்கணக்காக நெருப்பை உற்றுப் பார்ப்பவர்களுக்கு அது சீக்கிரம் வரும். மதுரையில் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இடக்கண்ணுக்கு ஆறு மாதம் கழித்து என்றார்கள். மருத்துவர் சொன்ன காலம் முழுவதும் நெருப்புப் பக்கம் போகாமல் இருந்தார். பிறகு ஒரு நாள் இரவு எனக்குத் தொலைபேசியில் பேசினார். குரல் சரியாக இல்லை.

"நெருப்பு மாறிவிட்டது மாப்பிள்ளை" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விடுமுறை சொல்லிவிட்டு மறுநாளே பஸ் ஏறினேன். பட்டறையில் உலை எரிந்துகொண்டிருந்தது. மாமா ஒரு பட்டாத் துண்டைச் செம்பருத்திக்குக் காய்ச்சி எடுத்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்தார். பிறகு மாற்றி மூடிப் பார்த்தார். பழைய கண்ணுக்கு அது அவருக்குத் தெரிந்த செம்பருத்தி. புதிய கண்ணுக்கு வேறு ஏதோ ஒரு சிவப்பு. வெளுத்து, கூசுகிற சிவப்பு. புரை விழுந்த கண் மஞ்சள் கண்ணாடி போட்டதுபோலத்தான் உலகத்தைக் காட்டும், அது ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறியதால் தெரியாமலே போயிருக்கிறது என்று நான் விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். கொறட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது வயதில், அவருக்குத் தெரிந்த அத்தனை நிறத்துக்கும் பெயர் இல்லாமல் போய்விட்டது.

வெகுநேரம் கழித்து, "அந்தக் காந்தம் எங்கே?" என்றார்.

சுவரில், இடக்கைக்காரருடைய அரிவாள் தொங்கிய அதே ஆணியில், கம்பியோடு அது தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துத் துடைத்தேன். நான் சக்கரத்தைச் சுற்றினேன். மாமா இடக்கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு, புதிய கண்ணால் மட்டும் இரும்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் வெளியே எடுத்து நீட்டினார். காந்தம் வைத்தேன்.

"பிடிக்கிறது மாமா."

மறுபடி உள்ளே வைத்தார். மறுபடி எடுத்தார்.

"இன்னும் லேசாகப் பிடிக்கிறது."

மூன்றாம் முறை அவர் எடுக்கவில்லை. நெருப்புக்கு மேல் குனிந்து, உதடு அசையாமல், ஏதோ கடந்து போவதைப் பார்ப்பவர் மாதிரிப் பார்த்துக்கொண்டே இருந்தார். சக்கரத்தை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். பிறகு எடுத்து நீட்டினார்.

"விட்டுவிட்டது" என்றேன்.

"தெரியும்" என்றார் மாமா. "நிழல் அப்படியே இருக்கிறது."